அக்கரைக் கோடி

மூன்றாவது கரண்டிக் கஞ்சியை அத்தாயி புருஷனின் வாயருகே கொண்டுபோனபோது வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. ஓடைக்கு அக்கரை போயிருந்த சின்னுசாமி திரும்பிவிட்டான். அவள் கரண்டியைக் கஞ்சிப் போசிக்குள் போட்டுவிட்டு, சென்றாயனின் உதட்டோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள்.

"இருங்க. இதோ வாரேன்."

சென்றாயன் கண்ணைத் திறக்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன் காலில் நீர் கோத்தது. அது மெல்ல மேலேறி, இப்போது படுத்தாலே மூச்சு முட்டியது. பத்து நாளாகச் சுவரோரம் பருத்தி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் இருந்தார். இருபது வருஷம் ஊஞ்சப்பாளையத்துத் தலையாரியாகத் தடியை ஊன்றிக்கொண்டு ஊரைச் சுற்றிவந்த கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போல முன்னால் நீண்டு கிடந்தன. நேற்று வந்த வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு மருந்துப் பையை அவிழ்க்காமலே எழுந்தார். "ஒறம்பரை, சொந்தத்துக்கெல்லாம் சொல்லி உட்ருங்க" என்று வாசலில் நின்று சொன்னார்.

சின்னுசாமி சென்றாயனின் சித்தப்பா மகன். அண்ணன் பெண்டாட்டி என்ற முறையில் அத்தாயியை நங்கை என்று கூப்பிடுவான். மாட்டுக்கொட்டாய் நிழலில் நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எங்கண்ணனப் பாத்தியா?"

"பாத்தனுங்க நங்கை. களத்துல சோளம் தூத்திட்டிருந்தாரு."

"என்ன சொன்னான்?"

சின்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு எடுத்து மறுதோளில் போட்டான்.

"மொதல்ல ஒண்ணுஞ் சொல்லலீங்க. மொறத்தக் கீழ வெக்காமயே கேட்டாரு. பொறவு, 'தங்கச்சிக்குக் கோடி எடுத்துட்டு வரோணும், அது எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு'ன்னாரு. அன்னைக்குக் கோர்ட்டுக் கச்சேரியில சொன்னது பொய்யின்னு எங்கண்ணன் வாயால ஒரு சொல்லு வரோணுமாம். நாலு பேருக்கு முன்னால கூட வேண்டாங்கறாரு. உங்ககிட்டச் சொன்னாலே போதுமாம். சொன்னா வாரேன், சொல்லாட்டி அக்கரை அக்கரையாவே இருக்கட்டும்னுட்டாரு."

அத்தாயி உள்ளே எட்டிப் பார்த்தாள். மூச்சு இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிற மனுஷரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோடியைப் பற்றிப் பேசுகிறோமே என்று அவளுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் பேசாமல் முடியாது. புருஷன் போனால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் கொண்டுவந்து போடுகிற புதுச்சேலை அது. அது வந்தால்தான் இவளுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். வராவிட்டால் அதுவும் ஊருக்குத் தெரியும்.

"நான் கேட்டுப் பாக்கறேன். நீ போயி ஒரு வாய் குடிச்சுட்டு வா" என்று சின்னுசாமியை அனுப்பினாள்.

அவள் உடனே உள்ளே போகவில்லை. கொட்டாயில் கட்டியிருந்த எருமைக்கு இரண்டு கை சோளத்தட்டு அள்ளிப் போட்டாள். அது ஏற்கனவே தின்றுகொண்டுதான் இருந்தது.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த மறுவருஷம் நடந்தது அது. ஓடைக்கு இக்கரையில், ஊஞ்சப்பாளையத்து எல்லைக்குள், அவள் அண்ணன் மாதையனுக்கு ஒரு பனங்காடு இருந்தது. அங்கே மண்ணுக்கடியில் இரண்டு ஊறல் பானைகள் கிடைத்தன. போலீசார் வந்த நேரம் மாதையன் அங்கே இல்லை. காட்டைக் காத்துக்கொண்டிருந்த ஆண்டிதான் இருந்தான். அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாதையன் ஆண்டியின் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "ஆறு மாசந்தான், புள்ளைங்களுக்கு ராகி நான் அளக்கறேன்" என்று சொன்னான். ஆண்டியும் தலையாட்டிவிட்டான். மாதையனிடம் கூலிக்கு வந்த நாளிலிருந்து அவன் தலையாட்டாத விஷயம் ஒன்றும் இருந்ததில்லை.

பானை யாருடையது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சென்றாயனுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். போலீசார் வருவதற்கு எட்டு நாளைக்கு முன் முறை சுற்றிவரும்போது மாதையன் தன் கையாலேயே வேலம்பட்டையைப் பானைக்குள் அடைப்பதை அவர் பார்த்திருந்தார். "இது வேண்டாம் மச்சான், எடுத்துக் கொட்டிப் போடு" என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்னதோடு சரி. மச்சான் ஆயிற்றே என்று எழுதிக் கொடுக்கவில்லை.

திருச்செங்கோட்டுக் கச்சேரியில் தலையாரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பானை இந்த ஆண்டியுடையதுதானே என்று கேட்டார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், மத்தியான வண்டியைப் பிடித்து வீட்டுக்கு வந்திருக்கலாம். "இல்லீங்க, என்ற மச்சான் மாதையனோடது. நானே கண்ணால பாத்தேன். பாத்தும் எழுதிக் குடுக்கல. அது என்ற தப்புங்க" என்றார்.

மாதையனுக்கு ஆறு மாதம் கிடைத்தது. சென்றாயனுக்கு வேலை போயிற்று. ஆண்டி வீட்டுக்கு வந்து, பத்தே நாளில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பிழைக்கப் போய்விட்டான். அம்மாபேட்டையில் ஒரு தறி வீட்டில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அதன்பின் அவன் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

இவற்றையெல்லாம்கூட அத்தாயி விழுங்கிக்கொண்டிருப்பாள். மாதையன் ஜெயிலில் இருந்த நாலாவது மாதம், ஓடையில் தண்ணீர் போய்க்கொண்டிருந்த ஐப்பசியில், அக்கரையிலிருந்து பறைச் சத்தம் கேட்டது. அவளுடைய அம்மா போய்விட்டாள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஓடினாள். வாசலில் அண்ணன் பெண்டாட்டி ராசம்மாள் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி மறித்துக்கொண்டு நின்றாள். "பெத்தவளுக்குக் கொள்ளி வெக்க மகன் இல்லாமப் பண்ணுன ஊட்டுக்காரிக்கு இங்க என்ன சோலி?"

அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே அத்தாயி திரும்பினாள். வீட்டுக்கு வந்தபோது சென்றாயன் அடுப்பு மூட்டி அண்டா நிறையத் தண்ணீர் காயவைத்திருந்தார். ஈரச் சேலையோடு வந்தவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்து ராகி அரைக்க உட்கார்ந்தாள்.

அதன்பின் ஏழு வருஷம் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழுந்ததில்லை. அவர் செய்தது தப்பு என்று அவளால் சொல்ல முடியவில்லை. சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. சோற்று வட்டிலை அவர் முன்னால் வைக்கும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அவர் அந்தச் சத்தத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

அந்த மனுஷரின் வாய் அப்படி. மகள் அங்காளம்மாளைப் பெண் பார்க்க ராசிபுரத்திலிருந்து வந்தவர்கள் வெற்றிலை மாற்ற எடுத்துவைத்த நேரத்தில், "புள்ளைக்கு இடது காது மந்தமுங்க, அதச் சொல்லிப்போடறேன்" என்றார். வந்தவர்கள் வெற்றிலையை மடியில் திருப்பிக் கட்டிக்கொண்டு போனார்கள். அத்தாயி இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. அடுத்த வருஷம் வையப்பமலைப் பக்கத்திலிருந்து ஒருவன் எல்லாம் தெரிந்தே வந்து கட்டிக்கொண்டு போனான். இன்றைக்கும் பெண்டாட்டியின் வலது பக்கமாகப் பார்த்துத்தான் உட்காருவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அத்தாயிக்கு மனசு குளிரும். ஆனால் அதையும் அவரிடம் சொன்னதில்லை.

உள்ளே வந்தபோது அங்காளம்மாள் அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அத்தாயி வலது காதுப் பக்கம் குனிந்து, "நீ போயி ஒரு கொடம் தண்ணி சேந்திட்டு வா, சாமி" என்றாள். மகள் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் விசிறியைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க."

சென்றாயன் கண்ணைத் திறந்தார்.

"சின்னுசாமி அக்கரைக்குப் போயிட்டு வந்துட்டான்."

"மச்சான் வாரானா?"

அந்தக் கேள்வியில் இருந்த ஆசையைக் கேட்டு அவளுக்குத் திக்கென்றது. விசிறியை மடியில் வைத்துவிட்டுச் சின்னுசாமி சொன்னதை அப்படியே சொன்னாள். சென்றாயன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். கூரைக்கு மேலே அணில் ஒன்று ஓட்டைச் சரித்துக்கொண்டு ஓடியது.

"அத்தைக்குக் கொள்ளி வெக்க அவனால வர முடியல" என்றார் கடைசியில். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வந்து நின்றது. "அது எனக்கு இன்னைக்கும் உறுத்துது, அத்தாயி. அதுக்கு வேணா அவன் கால்ல உழறேன். அவனக் கூட்டியா."

"கால்ல உழச் சொல்லலீங்க. பொய்யின்னு சொல்லச் சொல்றான்."

"அதெப்படிச் சொல்றது? பானை அவனுதுதானே."

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமைதானே என்று சொல்வது போல் சொன்னார். அத்தாயிக்கு ஏழு வருஷத்து வாய் திறந்துகொண்டது.

"யாருக்குங்க தெரியாது பானை அவனுதுன்னு? ஊருக்கே தெரியும். தெரிஞ்சவங்கெல்லாம் வாயக் கட்டிட்டு இருந்தாங்கல்ல? ஆண்டிக்காகச் சொன்னீங்க. அந்த ஆண்டி ஒரு நாளாச்சும் வந்து உங்கள எட்டிப் பாத்தானா? கள்ளு ஆகாதுன்னு சொன்ன சர்க்காரே போன வருஷம் கடையத் தொறந்துட்டுது. மந்தைக்குப் பக்கத்துலயே வெச்சுக் குடிக்கறானுங்க. இன்னைக்கு அந்தப் பானை எங்க, அந்தச் சட்டம் எங்க? எங்கம்மா மொகத்தத்தான் நான் பாக்காமப் போனேன்."

இப்போது மூச்சு வாங்கியது அவளுக்கு.

"நீங்க போயிருவீங்க. நான் இங்க இருக்கோணும். ஒரு நல்லது கெட்டதுக்குப் போயி நிக்க எனக்கு ஒரு ஊடு வேண்டாமுங்களா? ஒரு சொல்லு. என்ற காதோட சொல்லுங்க போதும்."

சென்றாயன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொள்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபம் இல்லை.

"இத்தன நாளா இதெல்லாம் உள்ளயே வெச்சிருந்தியா?"

"வெச்சிருந்தேன்."

"ம்" என்றார். கையை எடுத்து அவள் முழங்கால்மேல் வைக்கப் பார்த்தார். பாதி தூரம் வந்து கை தரையில் விழுந்தது. அத்தாயி அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னால முடியாது, அத்தாயி. வேணும்னு பண்ணல. வாய் வரமாட்டேங்குது." மூச்சை இழுத்துக்கொண்டு மேலே சொன்னார். "நான் போனதுக்கப்புறம் நீ சொல்லிக்கோ. சொன்னாருன்னு. எனக்கொண்ணும் சங்கட்டமில்ல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். குத்திக்காட்டுகிற பேச்சு இல்லை அது. கொட்டாய் ஓலையை மாற்றிவிடு என்று சொல்கிற மாதிரிதான் இருந்தது.

"நெசமாத்தான் சொல்றேன். உனக்கு ஊடு வேணும். அது எனக்குத் தெரியுது."

ராட்டினம் சுற்றும் சத்தம் கிணற்றடியிலிருந்து வந்தது.

"முதுகு அரிக்குது" என்றார் சென்றாயன்.

அவரை முன்னால் சாய்த்துத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, முதுகுப்பக்கம் கையை விட்டுச் சொறிந்தாள். பத்து நாள் பருத்தி மூட்டையில் சாய்ந்து கிடந்த முதுகு வேர்வையில் பிசுபிசுத்தது. "இன்னுங் கொஞ்சம் மேல" என்றார். மேலே சொறிந்தாள். "அங்கதான்." அவர் தலை அவள் தோள்மேல் கனத்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பின் அவரை இவ்வளவு அருகில் பிடித்திருக்கிறோம் என்ற நினைப்புத்தான் வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் முதுகு மேலே எழுந்து தாழ்வது கைக்குத் தெரிந்தது. எழுந்தது, தாழ்ந்தது. இன்னொரு தரம் எழுந்தது. பிறகு அவள் விரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

அங்காளம்மாள் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தபோது அத்தாயி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மகள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "தூங்கிட்டாருங்களாம்மா?" என்று கேட்டாள்.

பொழுது உச்சியைத் தாண்டுவதற்குள் வாசல் நிறைந்துவிட்டது. பறை வந்தது. பச்சை ஓலையும் மூங்கிலும் வந்தன. நாவிதர் பச்சைத் தண்ணீரும் எண்ணெயும் கேட்டு வாங்கிக்கொண்டார். பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்து மாரடித்தார்கள். நடுவில் அத்தாயி உட்கார்ந்திருந்தாள். யாரோ அவள் தலையைத் தன் தோளில் இழுத்துக் கிடத்தினார்கள், பிறகு வேறு யாரோ. எல்லோரும் அழுது ஓய்கிற இடைவெளியில் ஒரே கேள்விதான் கிசுகிசுப்பாகச் சுற்றி வந்தது. அக்கரைக் கோடி வருமா?

சின்னுசாமி பெண்களுக்குள் நுழைந்து அவள் பக்கத்தில் குந்தினான்.

"நங்கை, வந்திருக்காரு."

அவள் நிமிர்ந்தாள்.

"முச்சந்தியிலயே வண்டிய நிறுத்திட்டாரு. எறங்கி வரமாட்டேங்கறாரு. சொன்னாரான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு." குரலை இன்னும் தாழ்த்தினான். "சொன்னாருன்னு போயிச் சொல்லிர்றனுங்க. கோடி வண்டியில இருக்குது, நான் பாத்தேன். செத்தவரு எந்திரிச்சு வந்து இல்லேங்கப் போறாருங்களா?"

"நீ சொல்ல வேண்டாம். நானே வாரேன்."

"நீங்க எப்படி நங்கை, இந்த நேரத்துல..."

அத்தாயி எழுந்துவிட்டாள். "எங்க போறா இவ?" என்று ஒரு கிழவி சத்தம் போட்டாள். யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் அதை விடுவித்துக்கொண்டு அவிழ்ந்த தலையோடு வாசலைத் தாண்டினாள். சின்னுசாமி பின்னால் ஓடிவந்தான்.

முச்சந்திக்கு நூறு எட்டுத்தான் இருக்கும். அந்த நூறு எட்டிலும் அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். சொன்னாருங்கண்ணா. அவ்வளவுதான். அவரே சொல்லிக்கொள் என்றார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? சொல்லிவிட்டால் அண்ணன் வண்டியிலிருந்து இறங்குவான். கோடியைத் தலையில் போடுவான். நாளை மறுநாள் அவள் ஓடையைத் தாண்டி அம்மா இருந்த வீட்டுக்குப் போகலாம். அம்மா படுத்திருந்த இடத்தில் ஒரு நாழிகை உட்கார்ந்திருக்கலாம்.

புளியமரத்தடியில் வண்டி நின்றது. மாதையன் மாடுகளுக்குப் பக்கத்தில் பிடிகயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலையில் உருமால் கட்டியிருந்தான். அதற்குக் கீழே தெரிந்த மயிரெல்லாம் நரைத்துவிட்டது. அவன் நெற்றி அம்மாவின் நெற்றியாகவே ஆகிவிட்டிருந்தது. தங்கை வருவதைப் பார்த்ததும் முகத்தை மாடுகளின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சொன்னாரான்னு கேளு" என்றான் சின்னுசாமியிடம்.

சின்னுசாமி வாயெடுப்பதற்குள் அத்தாயி முந்திக்கொண்டாள். சொன்னாரு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"சொல்லலீங்கண்ணா."

சின்னுசாமி தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன். பானை அவனுதுதானேன்னாரு." செருமிக்கொண்டு சொன்னாள். "அம்மாவுக்கு உங்களால கொள்ளி வெக்க முடியாமப் போனது உறுத்துதுன்னாரு. அதுக்கு வேணா கால்ல உழறேன், கூட்டியான்னாரு. நான் போனதுக்கப்புறம் சொன்னேன்னு நீயே சொல்லிக்கோன்னும் சொன்னாரு. அப்படிச் சொல்லிரலாம்னுதான் ஊட்டுல இருந்து எந்திரிச்சு வந்தேன்."

மாதையன் வலத்து மாட்டின் காதுமடலைப் புரட்டினான். அங்கே ஒட்டியிருந்த உண்ணி ஒன்றைப் பிடுங்கித் தரையில் போட்டுச் செருப்பால் தேய்த்தான். வெகுநேரம் தேய்த்தான்.

"கால்ல உழறேன்னாரான்னு கேளு" என்றான்.

"ஆமாங்கண்ணா."

அவன் மறுகாதைப் புரட்டிப் பார்த்தான். அதில் எதுவும் இல்லை. அத்தாயி இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவன் திரும்பவில்லை. அவள் வந்த வழியே நடந்தாள்.

வீட்டில் அதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. "இவளுக்கும் அந்த மனுசன் கிறுக்கு ஒட்டிக்கிச்சு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சின்னுசாமியின் பெண்டாட்டி சாரதாமணி தன் வீட்டுக்கு ஓடிப்போய், பெட்டியில் இருந்த கட்டாத சேலை ஒன்றை எடுத்துவந்தாள். அத்தாயியின் கையைப் பிடித்து அதை வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"பொறந்த ஊட்டுல இருந்து வந்ததுன்னு நெனச்சுக்கங்க அக்கா. யாரு கேக்கப்போறா?"

"வேண்டாஞ் சாமி" என்று அத்தாயி சேலையை அவள் கைக்கே திருப்பினாள். "வரலேன்னா வரலேன்னே இருக்கட்டும்."

சென்றாயனைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தினார்கள். வாய்க்கரிசி போடும்போது அத்தாயி அவர் உதட்டைப் பார்த்தாள். காலையில் கஞ்சி காய்ந்த தடம் மீசையோரத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. நாவிதர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. விரலை நனைத்து அதைத் துடைத்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்ததும் நிற்கவில்லை. அங்காளம்மாள் அவளை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் முச்சந்தி வரைக்கும் போகலாம். அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். பறை முன்னால் போயிற்று. அதன்பின் சின்னுசாமி, அவன் கையில் புகைகிற சட்டி. அதன்பின் பாடை. பெண்கள் தெருப் புழுதியில் தள்ளாடிக்கொண்டு நடந்தார்கள். அத்தாயியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

புளியமரத்தடியில் வண்டி இன்னும் நின்றது.

போயிருப்பான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மாடுகளைத் திருப்பிக்கூடக் கட்டவில்லை. பறைச் சத்தம் நெருங்க நெருங்க மாடுகள் தலையைத் தூக்கிப் பின்வாங்கின. மாதையன் பிடிகயிற்றை இழுத்துப் பிடித்து அவற்றின் முகத்துக்கு முன்னால் நின்றான். பாடை அவனைக் கடந்தது. கடக்கும்போது ஒரு கையால் உருமாலை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டான். நரைத்த தலையோடு நின்று பார்த்தான்.

ஊர்வலம் சுடுகாட்டுப் பாதையில் திரும்பிற்று. பெண்கள் நின்றுவிட்டார்கள். ஆண்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். மாதையன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். மாடுகளைக் கட்ட அருகில் ஒரு முளைக்குச்சி இல்லை. மரத்தில் கட்டினால் மிரண்டு வண்டியைச் சாய்த்துவிடும். கயிற்றைப் பிடித்தபடியே பெண்களை நோக்கி நான்கு எட்டு வந்தான். பெண்கள் விலகினார்கள். அவன் தங்கை முன்னால் வந்து நின்றான்.

"புடி, சாமி" என்றான். "பறைக்கு மெரளுது."

கயிற்றை அவள் கையில் வைத்தான். செருப்பைக் கழற்றி வண்டிச் சக்கரத்தோரம் போட்டுவிட்டு, வெறுங்காலோடு பாடைக்குப் பின்னால் நடந்தான். முதலில் பத்து எட்டுத் தள்ளி நடந்தான். பள்ளத்தில் இறங்குகிற இடத்தில் பாடைக்குத் தோள் மாற்றினார்கள். அதற்குமேல் புழுதியில் யார் எங்கே என்று தெரியவில்லை.

அத்தாயியைத் தாங்கியிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். "வாங்கம்மா, திரும்பி நடக்கோணும்" என்றாள் அங்காளம்மாள்.

"நீ போ. இத உட்டுட்டு எப்படி வாரது?"

பறைச் சத்தம் தூரத்தில் ஒரு தரம் உரக்க எழுந்து அடங்கியது. வலத்து மாடு காதை விடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் இழுத்தது. அத்தாயி கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மறுகையால் அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.